டிக்கெட் இல்லாத தண்ணீர்

நாலு நண்பர்கள் சேர்ந்து வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறார்கள். ஏதாவது ஒரு தீவில் இறங்கி, இரண்டு நாள் கடலில் ஊறிவிட்டு, திங்கள்கிழமை காலையில் கண் சிவக்க ஆபீஸில் வந்து உட்காருகிறார்கள். அந்தமான், புக்கெட், பாலி... அவரவர் வசதிப்படி. கேட்டால், 'சும்மா பட்ஜெட் ட்ரிப்தான் சார்' என்பார்கள். அந்த பட்ஜெட்டை வாங்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். விமான டிக்கெட், ரூம், வாடகை ஸ்கூட்டர், சாப்பாடு, 'இதர செலவு' (விவரம் கேட்கக் கூடாது!) என்று எல்லாவற்றுக்கும் ஒரு தொகை இருக்கும். எதற்காக இவ்வளவு தூரம் போனார்களோ, அந்தக் கடலுக்கு நேராக மட்டும் ஒரு பெரிய பூஜ்யம்!

காமர்ஸ் படித்தவன் கண்ணில் இந்தப் பூஜ்யம் படாமல் போகாது. கடைச்சரக்கு இலவசம், கடைக்குப் போகிற வழியில்தான் அத்தனை செலவும். இது என்ன வியாபாரம்?

நம் ஊரில் இதே வியாபாரம் நூறு வருஷத்துக்கும் மேலாக நடக்கிற இடம் குற்றாலம். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'குத்தாலம்'. திருநெல்வேலிப் பக்கத்தில் கையில் காசு இல்லாத நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், பத்தாவது நிமிஷம் ஒருவன் 'ஏல, குத்தாலம் போவமா?' என்பான். காசில்லை என்பதுதான் அந்த யோசனைக்கே காரணம். தலையில் விழப்போகிற தண்ணீருக்கு யாரும் பில் போடுவதில்லை என்ற தைரியம்! ஆனால், அந்தத் தண்ணீருக்குக் கீழே யார் வேண்டுமானாலும் போய் நிற்கலாம் என்ற நிலைமை ஏதோ ஆதிகாலத்திலிருந்து தானாக வந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

முதலில், இயற்கை செய்த ஏற்பாட்டைப் பார்த்துவிடுவோம். ஜூன் மாதத் தொடக்கத்தில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு காம்பவுண்டு சுவர் மாதிரி குறுக்கே நின்று பெரும்பாலான மழையை அந்தப் பக்கமே பிழிந்துவிடும். இந்தப் பக்கம் நமக்குக் கிடைப்பது வெறும் காற்று. ஆனால், செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் அந்தச் சுவரில் ஓர் இடைவெளி, அதாவது ஒரு கணவாய். அதன் வழியாக ஈரக்காற்று நழுவி உள்ளே வந்துவிடுகிறது. திருநெல்வேலியில் புழுதி பறக்கும்போது, ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி தென்காசியில் முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் தெறிக்கிறது. அதுதான் 'சாரல்'. மழையா என்றால் மழை இல்லை. குடை பிடித்தால் சிரிப்பார்கள்.

வெள்ளைக்காரன் காலத்து 'இம்பீரியல் கெஜட்டியர்' இதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. குற்றாலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 450 அடி உயரம்தான், ஆனால் சீதோஷ்ணம் என்னவோ அதைவிட மிக உயரமான இடத்தைப் போல என்கிறது. மலைவாசஸ்தலத்தின் குளிர்ச்சி, மலை ஏறாமலே! தலை சுற்றும் கொண்டை ஊசி வளைவுகள் கிடையாது. ஸ்வெட்டர் வேண்டாம். ஒரு துண்டு போதும்.

பேரருவியில் இன்னொரு ஏற்பாடும் இருக்கிறது. மேலேயிருந்து விழுகிற தண்ணீர் நேராகத் தலையில் விழுவதில்லை. பாதி வழியில், பாறையில் குடைந்த 'பொங்குமாங்கடல்' என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, நிறைந்து, பொங்கி, வேகம் குறைந்து, அப்புறம்தான் கீழே இறங்குகிறது. இந்தப் பள்ளம் மட்டும் இல்லையென்றால், பேரருவியைத் தூரத்திலிருந்து பார்த்துக் கைதட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். உலகத்தில் எத்தனையோ பிரமாண்டமான அருவிகள் உண்டு. நயாகராவின் கீழே போய் நின்று முதுகு தேய்க்க முடியுமா?

இப்படிப்பட்ட இடத்துக்கு முதலில் சும்மா ஜாலியாகவா போனார்கள்? இல்லை, புண்ணியத்துக்குப் போனார்கள். 7-ம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இந்தத் தலத்தைப் பாடியிருக்கிறார். தல விருட்சமான குறும்பலாவுக்குத் தனியாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை இங்கேதான் இருக்கிறது. மற்ற சபைகளுக்குப் பொன், வெள்ளி, செம்பு, ரத்தினம் என்று பெயர். குற்றாலத்துக்கு மட்டும் சுவர் நிறைய ஓவியம். அப்போதே கொஞ்சம் பட்ஜெட்டில்தான் முடித்திருக்கிறார்கள் போல!

விளம்பரம் வந்தது 18-ம் நூற்றாண்டில். தென்காசிக்கு அடுத்த மேலகரத்துக்காரர் திரிகூடராசப்பக் கவிராயர் 'குற்றாலக் குறவஞ்சி' எழுதினார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரும் அதிலிருந்து ஒரு பாட்டாவது மனப்பாடம் செய்யாமல் தப்பித்திருக்க முடியாது. குறத்தி தன் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போவாள் பாருங்கள்... அதைவிடச் சிறந்த சுற்றுலா விளம்பரத்தை இன்றுவரை எந்த அரசாங்கத் துறையும் அச்சடித்ததில்லை. மதுரை நாயக்க மன்னர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இதற்காகக் கவிராயருக்கு நிலம் மானியம் கொடுத்தார். 'குறவஞ்சி மேடு' என்று அதற்குப் பெயர். இந்த நாட்டில் எழுதியவனுக்கு ஒழுங்காகச் சம்பளம் வந்த அபூர்வமான கேஸ்களில் இது ஒன்று.

அடுத்து வந்தவர்களுக்குப் புண்ணியத்திலும் அக்கறை இல்லை, பாட்டிலும் அக்கறை இல்லை. அவர்கள் பார்த்தது மண்ணையும் ஈரத்தையும். ஜாதிக்காய், கிராம்பு வியாபாரத்தை நெடுங்காலம் டச்சுக்காரர்கள் கையில் வைத்திருந்தார்கள். இன்றைய இந்தோனேஷியாவின் அம்போன், பாண்டா தீவுகள்தான் அவர்களுடைய கஜானா. 1796-ல் ஆங்கிலேயர்கள் அந்தத் தீவுகளைப் பிடித்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, நாற்றுகளை அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் வசம் இருந்த ஈரமான ஊர்களில் எல்லாம் நட்டுப் பார்த்தது. 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்படிக் கம்பெனி வாசனைப்பயிர்த் தோட்டம் போட்ட ஊர்களில் குற்றாலமும் ஒன்று. ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை எல்லாம் இங்கே வேர்விட்டன. ஆக, இந்தத் தீவு சமாசாரம் குற்றாலத்துக்குப் புதிதல்ல. இங்கிருந்து யாரும் தீவுக்குப் போவதற்கு முன்னால், தீவு இங்கே வந்துவிட்டது! இன்றைக்கும் சீசனில் கடைவீதியில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியான் என்று மலேயாப் பக்கத்துப் பழங்களைக் குவித்து வைத்திருப்பார்கள். பழத்தைக் கையில் வாங்கியதும் உடனே வாயில் போட்டுக்கொள்ளுங்கள். குரங்குகள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

செடியைப் பார்க்க வந்தவர்கள் மெல்லச் சாரலுக்கும் பழகிவிட்டார்கள். பாளையங்கோட்டையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் வெள்ளை அதிகாரிகள் சீசனுக்கு வந்து தங்கினார்கள், பங்களாக்கள் எழுந்தன. 1830-களில் பாளையங்கோட்டையில் ராணுவ டாக்டராக இருந்த ராபர்ட் வைட், ஓய்வு நேரத்தில் குற்றாலம் மலையில் செடி சேகரித்தார். பிற்பாடு தென்னிந்தியத் தாவரவியலின் பெரிய பெயராக ஆனவர் இவர். அவருடைய புத்தகங்களுக்குச் செடிகளை வரைந்து கொடுத்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இந்திய ஓவியர்கள். திருவிதாங்கூர் மகாராஜாவும் இங்கே ஓர் அரண்மனை கட்டிக்கொண்டார். (மகாராஜாக்கள் காலம் போய்விட்டது. ஆனால் குற்றாலம் அரண்மனை மட்டும் தமிழ்நாட்டு மண்ணில் கேரள அரசின் பொதுப்பணித் துறை பராமரிப்பில் நின்றுகொண்டிருக்கிறது!)

இப்படியே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மால் ரோடு, கிளப், 'இந்தியர்களுக்கு அனுமதி இல்லை' போர்டு என்று குற்றாலமும் ஒரு குட்டி ஊட்டியாக மாறியிருக்கும். காப்பாற்றியது அந்த 450 அடி உயரம்தான். 1819-ல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரி மேலே ஏறிப் பார்த்தார். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். அவ்வளவுதான்... வருஷம் முழுக்கக் குளிரும் இடங்கள் கிடைத்த பிறகு, மூன்று மாதம் மட்டும் குளிரும் குற்றாலம் எதற்கு? 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டபோது, திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியுடன் போய்க்கொண்டிருந்தது கொடைக்கானலுக்கு. ஜூன் மாதத்தை ஞாபகம் வையுங்கள். தன் ஜில்லாவிலேயே சாரல் தொடங்குகிற நேரம் அது!

என் அபிப்பிராயத்தில், குற்றாலத்துக்கு நடந்த நல்ல காரியங்களில் இது முக்கியமானது. பணக்காரர்கள் வேறு மலைக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அருவி மற்றவர்களுக்கு மிச்சமானது.

அந்த மற்றவர்களை அழைத்து வந்தது ரயில். 1902-ல் திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி வரை வந்த மீட்டர் கேஜ் பாதை, 1903-ல் தென்காசி வழியாகச் செங்கோட்டையைத் தொட்டது. 1904-ல் மலையைக் குடைந்துகொண்டு புனலூர் பக்கம் இறங்கி, கொல்லம் பாதையோடு கைகோத்தது. 1927-ல் விருதுநகரிலிருந்து இன்னொரு பாதை தென்காசிக்கு வந்தது. மாட்டுவண்டி கட்டிக்கொண்டு ஒரு ராத்திரி முழுக்கக் குலுங்கி வந்த தூரம், மூன்றாம் வகுப்பு டிக்கெட்டில் சில மணி நேரமாகச் சுருங்கியது. தென்காசி ஸ்டேஷனில் இறங்கினால், ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒரு ஜட்கா. குமாஸ்தா, வாத்தியார், ஜவுளிக்கடைச் சிப்பந்தி என்று ஞாயிற்றுக்கிழமை லீவு உள்ள ஒரு புது வர்க்கம் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை மத்தியானம் கிளம்பி, ஞாயிறு ராத்திரி வீடு திரும்பும் குற்றாலப் பயணம், அதாவது இன்றைய 'வீக் எண்ட் ட்ரிப்', அப்போது பிறந்ததுதான்.

ஆனால், 'எல்லோருக்கும்' என்ற வார்த்தையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது.

1934 ஜனவரி. தீண்டாமை ஒழிப்புக்காக நாடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்த காந்தி, தமிழ்நாட்டுப் பயணத்தில் குற்றாலத்துக்கும் வந்தார். வந்தவரை அருவியில் குளிக்க அழைப்பது இயல்புதானே? ஆனால், தாழ்த்தப்பட்டவர்களுக்கு அங்கே குளிக்க அனுமதி இல்லை என்று காந்திக்குத் தெரியவந்தது. அவர்களுக்கு இல்லாத குளியல் தனக்கும் வேண்டாம் என்று, தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமலே திரும்பிவிட்டார். குற்றாலத்துக்கு வந்து குளிக்காமல் போன பிரபலங்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். குளிக்காததே செய்தியானது இவருக்குத்தான்.

யோசித்துப் பாருங்கள். அருவிக்கு மேலே கூரை கிடையாது, நாலு பக்கமும் சுவர் கிடையாது, கதவும் இல்லை, பூட்டும் இல்லை. இருந்தும் ஒரு கூட்டத்தை அதன் பக்கம் வரவிடாமல் நிறுத்த முடிந்திருக்கிறது.

இதில் இன்னொரு விநோதம். அப்போது குற்றாலம் சென்னை மாகாணம், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1936 நவம்பர் 12 அன்று திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். சமஸ்தானத்தின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிடப்பட்டன. மகாராஜா ஆண்ட செங்கோட்டையில் ஒரு நியாயம், வெள்ளைக்காரன் ஆண்ட தென்காசியிலும் குற்றாலத்திலும் இன்னொரு நியாயம்! சென்னை மாகாணத்தில் 1938-ல் எம்.சி.ராஜா கொண்டுவந்த மசோதா சட்டமானது. பொதுக் கிணறு, பொதுப் பாதை, பொது நீர்நிலை இவற்றில் யாரையும் சாதி சொல்லித் தடுக்கக் கூடாது என்றது அது. மறு வருஷம் ராஜாஜி அரசு ஆலயப் பிரவேசச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1950-ல் அமலுக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவைப் புரட்டினால், கிணறு, குளம், சாலை இவற்றோடு குளிக்கும் துறைகளையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். 'குளிக்கும் துறை' என்ற சமாசாரத்தை ஒரு தேசத்தின் மிகப் பெரிய சட்டத்தில் எழுதிவைக்க வேண்டியிருந்திருக்கிறது என்றால், தண்ணீருக்கு எத்தனை பேர் காவல் நின்றிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர்கள் கூட்டம் என்று பேச்சு வந்துவிட்டதால் டி.கே.சி.யைச் சொல்லாமல் நகர முடியாது. ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார் சட்டம் படித்தவர், சட்ட மேலவை உறுப்பினர், அறநிலையத் துறை ஆணையர். ஆனால் ஊருக்கு ஞாபகம் இருப்பது அவர் வீட்டு வட்டத்தொட்டி. திருநெல்வேலி வீட்டில் நண்பர்கள் கூடிக் கம்பனைப் படித்து ரசித்த சபை அது. பிற்பாடு அவர் குற்றாலத்தில் குடியேறியபோது சபையும் கூடவே வந்துவிட்டது. ராஜாஜி வருவார், கல்கி வருவார், பேராசிரியர்களும் நீதிபதிகளும் வருவார்கள். காலையில் அருவி, அப்புறம் இலையில் சாப்பாடு, பிறகு பொழுது சாயும்வரை பாட்டும் பேச்சும். நண்பர்களோடு போகும் இன்பச் சுற்றுலா என்பதற்கு இதைவிட நல்ல மாடல் எனக்குத் தெரியவில்லை. வந்தவர்களுக்கு ரூம் வாடகை இல்லை, சாப்பாட்டுச் செலவு இல்லை. மொத்த பில்லும் டி.கே.சி. தலையில்! 1954 பிப்ரவரியில் அவர் காலமானார், அதே வருஷம் டிசம்பரில் கல்கியும் போய்விட்டார்.

எல்லா நண்பர்களுக்கும் டி.கே.சி. கிடைப்பாரா? மற்றவர்களுக்குச் சத்திரங்களும் மடங்களும் இருந்தன. அந்தந்த சமூகத்தார் அவரவர் ஜனங்களுக்காகக் கட்டி வைத்தவை. அருவியில் சட்டம் எல்லோரையும் ஒன்றாக நிற்க வைத்த பிறகும், ஈரத்துணியோடு திரும்பி வந்து படுக்கிற இடத்தில் சாதி வாசலில் நின்று விசாரித்தது. அதை உடைத்தது எந்தப் புரட்சியும் அல்ல, லாட்ஜ்தான். காசு கொடுத்தால் சாவி. ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு கையெழுத்து. அதற்கு மேல் எந்தக் கேள்வியும் இல்லை. வியாபாரம் செய்கிற நல்ல காரியங்களை நாம் லெட்ஜரில் ஏற்றுவதே கிடையாது.

லாட்ஜ் என்றால் ஐந்து பேருக்கு ஒரு ரூம். இரண்டு பேர் கட்டிலில், மூன்று பேர் தரையில். நான் கல்லூரியில் படிக்கும்போது போன கோஷ்டியில், கணக்கு எழுதுகிற பொறுப்பை வாங்கியவன் ஒரு வாழைப்பழத்தைக்கூட விடாமல் எழுதினான். கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று பைசாவரை வகுத்துக் கொடுத்தான். பிற்பாடு அவன் ஆடிட்டர் ஆனதில் எங்களுக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

குளித்துவிட்டு வந்தால் பசிக்குமே, அந்தப் பசி! குற்றாலத்துப் பசிக்கு விடை 'பார்டர்' பரோட்டா. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் பிரானூர். அங்கே ரோட்டோரம் வரிசையாகப் பரோட்டாக் கடைகள், கூடவே நாட்டுக்கோழி. சாப்பிடுகிற பத்துப் பேரில் ஒன்பது பேர், கேரள எல்லை பக்கத்தில் இருப்பதால் இந்தப் பெயர் என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. இன்றைய எல்லை இன்னும் மேற்கே, புளியரைக்கும் அப்பால் மலைமேல் இருக்கிறது. செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்த காலத்தில் எல்லை பிரானூரில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பார்டர் மலைக்கு நகர்ந்துவிட்டது. பெயர் மட்டும் சால்னாவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது.

எண்ணெயையும் சொல்லவேண்டும். உடம்பு முழுக்க எண்ணெயைப் பூசி, பாறை ஓரம் படுக்கவைத்து, மாவு பிசைவது மாதிரி பிசைந்துவிடுகிற ஆட்கள் குற்றாலத்தின் ஒரு அடையாளமாக இருந்தார்கள். அந்த எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் அருவித் தண்ணீரோடு கலந்து கீழே போய்க்கொண்டிருந்தன. 2014-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவற்றுக்குத் தடை போட்டது. மசாஜ் தொழிலாளிகளுக்கு அது பெரிய அடி. ஆனால், மூலிகைக் காட்டைத் தொட்டு வருகிற தண்ணீர் என்று பெருமை பேசிக்கொண்டே அதில் ஷாம்பூ பாக்கெட்டைப் பிய்த்துப் போட்டதற்கு யாரிடமும் நல்ல பதில் இல்லை.

சீசனை நம்பிப் பிழைக்கிறவர்கள் எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறார்கள் என்பது 2020-ல் தெரிந்தது. கொரோனாவுக்காக அருவிகளில் குளிக்கத் தடை. மறு வருஷமும் அதே கதை. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் சம்பாதித்து மற்ற ஒன்பது மாதத்தை ஓட்டுகிற துண்டு வியாபாரி, சிப்ஸ் கடைக்காரர், ஆட்டோ டிரைவர், லாட்ஜ் பையன் எல்லோருக்கும் இரண்டு சீசன் தொடர்ந்து பூஜ்யம். தண்ணீர் மட்டும் ஆள் இல்லாத பாறையில் விழுந்துகொண்டிருந்தது.

சீசனுக்கு வெளியேயும் ஆபத்து வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் பாய்ந்து வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் படிகளில் விழுந்தடித்து ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். கீழே வெயில் அடிக்கும். மேலே காட்டுக்குள் எங்கோ மழை கொட்டியிருக்கும். செய்தி தண்ணீரோடுதான் வந்து சேரும். அதனால்தான் கொஞ்சம் நிறம் மாறினால்கூடப் போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றுகிறார். நீண்ட தூரம் வந்தவர்கள் அவரோடு சண்டைக்குப் போகிறார்கள். போகக் கூடாது.

ஆனால், அருவியை நம்மிடமிருந்து விலக்குவது வெள்ளமும் வைரஸும் மட்டும் இல்லை. ஐந்தருவிக்கு மேலே, தோட்டக்கலைத் துறையின் தோட்டத்துக்குள் பழத்தோட்ட அருவி என்று ஒன்று உண்டு. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'வி.ஐ.பி. அருவி'. பெயர்க் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அது பழைய கதை. புதுக் கதை, குண்டாறு, மேக்கரைப் பக்கத்தில் தனியார் தோட்டங்களுக்குள் இருக்கும் அருவிகள். ஜீப்பில் போகவேண்டும், அதற்கு ஒரு கட்டணம். கூட்டம் இருக்காது, வரிசை இருக்காது, விசில் இருக்காது. சில ரிசார்ட்டுகள் இன்னும் ஒரு படி மேலே போய், மலையிலிருந்து வருகிற ஓடையைத் திருப்பி, தங்கள் காம்பவுண்டுக்குள் செயற்கையாக ஓர் அருவியையே விழ வைத்துவிட்டன! விஷயம் உயர்நீதிமன்றம் வரை போனது. 2022 நவம்பரில் மதுரைக் கிளை, இயற்கை நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உருவாக்கியிருக்கும் ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவிட்டது.

வாடிக்கையாளர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்பார்கள். ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை பேரருவியில் நின்றவர்களுக்கு அந்த நெரிசல் தெரியும். குடும்பத்தோடு, பெண் குழந்தைகளோடு வருகிறவர் காசு கொடுத்தாவது நிம்மதியாகக் குளிக்கலாம் என்று நினைப்பதில் தப்பு சொல்ல முடியாது. அதற்குப் பேரருவியில் உடை மாற்ற இடமும் கழிப்பறையும் நடக்கப் பாதையும் ஒழுங்காகச் செய்து கொடுப்பதுதான் வழியே தவிர, மேலேயே தண்ணீரைப் பங்கு போடுவது வழியில்லை. சாதி சொல்லி நிறுத்தியவனை எதிர்க்க ஒரு சட்டம் போதுமாக இருந்தது. ஓடையில் குழாய் போடுகிறவன் யாரையும் 'வராதே' என்று சொல்வதில்லையே! தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில் குளிக்கிறவர்கள் மட்டும்தான் பார்ட்டி என்று நினைத்தால் அதுவும் தவறு. பேரருவியில் நம் தலையில் விழுந்து, முதுகில் வழிந்து, காலடியில் ஓடிப்போகிற தண்ணீருக்குப் பெயர் சிற்றாறு. குற்றாலத்திலிருந்து தென்காசி வழியாகக் கிழக்கே போய், வழிநெடுக அணைக்கட்டுகளில் நின்று, வாய்க்கால்களில் பிரிந்து, குளங்களை நிரப்பி, வயலுக்குப் பாய்ந்து, மிச்சம் இருந்தால் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேருகிறது. சீசன் நன்றாக இருக்கிறதா என்று சென்னைக்காரர்கள் போன் போட்டுக் கேட்கிற அதே கேள்வியை, நாற்றங்காலை வைத்துக்கொண்டு தென்காசி விவசாயி வானத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.